பி பக்கம் உங்களுக்கு

அறுபது நிமிடக் கேசட் ஒன்றில் ஏறக்குறைய 86 மீட்டர் நாடா இருக்கும். அதன் அகலம் 3.81 மில்லிமீட்டர். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓடும். நாடாவின் ஒரு பாதியில் ஏ பக்கம், மறு பாதியில் பி பக்கம். ஷார்ஜாவில் சென்ட்ரிங் தச்சராக இருந்த என் அப்பா, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊரில் இருந்த எங்களை வளர்த்தது பெரும்பாலும் இந்த நாடாவின் வழியாகத்தான். அவர் அனுப்பிய கேசட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் இன்று எஞ்சியிருக்கிறது. அது இப்போது ஷார்ஜாவின் முவைலாவில், என் வீட்டில் இருக்கிறது. அந்தக் கேசட்டின் கதையைச் சொன்னால் அப்பாவின் கதையையும் சொன்னதாகும்.

கேசட்டைத் தந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் லூ ஓட்டன்ஸ். பிலிப்ஸ் நிறுவனத்துக்காக, பெல்ஜியத்தின் ஹாசல்ட் ஆலையில் அவருடைய குழு இதை உருவாக்கியது. ஒலிப்பதிவுக் கருவி கோட்டுப் பைக்குள் அடங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, பையில் போட்டுப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கினாராம். 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் அறிமுகமானது. உரிமக் கட்டணம் இல்லாமல் பிற நிறுவனங்களும் இதைச் செய்யலாம் என்று பிலிப்ஸ் ஒப்புக்கொண்டதால், ஜப்பானிய ஆலைகள் கேசட்டை உலகமெங்கும் கொண்டுபோயின. அலுவலகக் குறிப்பைப் பதிவு செய்யத்தான் முதலில் இதை நினைத்தார்கள். வளைகுடாவுக்குப் போன நம் மக்கள் இதைக் கடிதமாக்கிக்கொண்டார்கள்.

1971 டிசம்பர் 2-இல் ஐக்கிய அரபு அமீரகம் உருவானது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. 1974-இல் ஷார்ஜாவின் முபாரக் எண்ணெய் வயலில் உற்பத்தி தொடங்கியது. சாலையும் துறைமுகமும் அடுக்குமாடியும் எழும்ப ஆட்கள் தேவைப்பட்டார்கள். கேரளத்தைத் தொடர்ந்து இராமநாதபுரம், தஞ்சை, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்தும் ஆண்கள் விமானம் ஏறினார்கள். வீட்டில் இருந்த பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வந்த கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பையனோ தபால்காரரோ படித்துச் சொல்ல வேண்டும். பதிலையும் இன்னொருவர்தான் எழுத வேண்டும். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்கு முன்பதிவு செய்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிரிந்திருக்கும் மனைவி கணவனுக்கு எழுதுவதுபோல் மாப்பிளைப் பாட்டுக் கவிஞர் எஸ். ஏ. ஜமீல் 1970-களில் எழுதிப் பாடிய மலையாளக் கடிதப் பாட்டு, வளைகுடா முழுவதும் கேசட்டில்தான் பரவியது. எழுதத் தெரியாதவர்களும் தங்கள் வாயால் தாங்களே பேச வழி செய்த கருவி கேசட். எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவைப் பெற்றவருக்கு, கைநாட்டுதான். கேசட் வந்த பிறகு அவர் யாருடைய தயவும் இல்லாமல் மகனோடு பேசினார்.

அப்பா 1982-இல் ஷார்ஜா போனார். காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, ஊற்றியது இறுகியபின் பிரித்தெடுக்கிற வேலை. தொழிற்பேட்டைப் பகுதியில் கேம்ப், ஒரு அறையில் அடுக்குக் கட்டில்கள். இன்று அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அன்று அது இல்லை. அந்த வெயிலைப் பற்றி அவர் கேசட்டில் ஒருபோதும் முறையிட்டதில்லை. "இங்க மணலு சுடுது, காலணி போட்டுக்கிட்டுதான் நடக்கணும்" என்பதற்கு மேல் சொல்லமாட்டார்.

இன்று எஞ்சியிருக்கும் அந்தக் கேசட், ஷார்ஜாவின் ரோலா பகுதியில் வாங்கிய சோனி 60. அட்டையில் தச்சுப் பென்சிலால் எங்கள் ஊர்ப் பெயரை மட்டும் எழுதியிருந்தார். ஊருக்கு யார் போகிறார்கள் என்று கேட்டுவைத்துக்கொண்டு, போகிறவர் பெட்டியில் இடம் கேட்டு அதைக் கொடுத்துவிடுவார். சோப்பு, கோடாலித் தைலம், சேலைத் துணி ஆகியவற்றுக்கு நடுவே அது பம்பாய் வரும். சுங்கத்தில் நின்று, தாதர் எக்ஸ்பிரஸில் சென்னை வந்து, எழும்பூரில் கம்பன் எக்ஸ்பிரஸைப் பிடித்து, மீட்டர்கேஜ் பாதையில் மாயவரம், திருவாரூர் தாண்டிப் பட்டுக்கோட்டையில் இறங்கும். கொண்டுவந்தவர் தன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மறுநாளே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். அந்த ஆட்களின் நேர்மையை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்களின் பேச்சுவார்த்தை நடந்தது. அவர்கள் கூலி வாங்கியதில்லை.

முதல் விடுப்பில் அப்பா கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டூ இன் ஒன்னில் கேசட்டைப் போட்டால், ஆரம்பத்தில் அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும். பிறகு தேதி, கிழமை, மணி. அதன் பிறகு வரிசை மாறவே மாறாது. முதலில் அப்பாயி, அடுத்து பெரியப்பா, பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள், தங்கை, நான், கடைசியில் அம்மா. பேச வேண்டியதை முன்பே தாளில் குறித்து வைத்துக்கொள்வார் என்பது தாள் புரளும் ஓசையில் தெரியும். ஒருவரையும் விடமாட்டார். கொல்லையில் கட்டிக் கிடந்த செவலைக் கன்றுக்குட்டியைக்கூட விசாரிப்பார். முப்பது நிமிடம் முடியப்போகும் நேரத்தில் எல்லாக் கேசட்டிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "பி பக்கம் உங்களுக்கு. எல்லாரும் பேசுங்க, நான் கேக்குறேன்."

தூரத்தில் இருந்த அப்பாக்கள் பலரும் இரண்டு பக்கத்தையும் தாங்களே பேசி நிரப்பினார்கள். அதிலும் தவறில்லை, அவர்களுக்குச் சொல்வதற்கு அவ்வளவு இருந்தது. எங்கள் அப்பா மட்டும் தன் நேரத்தைச் சரிபாதியாக வெட்டி எங்களுக்கு வைத்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு அவர்கள் சொல்வதைக் கேட்கவும் வேண்டும் என்பதை அவர் உபதேசமாகச் சொன்னதே இல்லை. ஒரு கேசட்டை எப்படிப் பங்கிட்டார் என்பதில் அது இருந்தது.

பி பக்கத்தில் நாங்கள் பேசி முடித்ததும் கேசட் மறுபடி ஷார்ஜா போகும். அவர் கேட்டுவிட்டு ஏ பக்கத்தில் புதிதாகப் பேசி அனுப்புவார். நாங்கள் பி பக்கத்தில் புதிதாகப் பேசுவோம். ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு முனைக்கு முன்னால் அழிப்பு முனை ஒன்று உண்டு. நாடாவில் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்களில் இருக்கும் பழைய காந்தப் பதிவை அது அழித்துவிடும். அதன் பிறகுதான் புதிய குரல் ஏறும். ஆகவே அப்பாவின் ஒவ்வொரு சொல்லும் அவருடைய முந்தைய சொல்லை அழித்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தது. பல ஆண்டுகள் அலைந்த கேசட்டில் கடைசியாகப் பேசிய ஒரு மணி நேரம் மட்டுமே தங்கியது.

அந்த ஏ பக்கத்தின் தேதி 1986 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை. அப்போது அமீரகத்தில் வெள்ளிதான் வார விடுமுறை. அதற்கு முந்தைய வெள்ளியன்றுதான், ஏப்ரல் 18-இல், ஷார்ஜா மைதானத்தில் ஆஸ்திரல்-ஆசியக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியா 245 ரன். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நான்கு ரன் வேண்டும். சேத்தன் சர்மா வீசிய பந்தை ஜாவேத் மியான்தத் சிக்சருக்கு அடித்தார். இந்தியாவில் எத்தனையோ வீடுகளில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. நானும் அழுதேன். அது எப்படியோ அப்பாவின் காதுக்குப் போயிருக்க வேண்டும். அப்பா எனக்குச் சொன்னது இது:

"தம்பி, மேட்ச் தோத்ததுக்கு அழுதியாமே. எங்களுக்குப் பக்கத்து ரூமு பாகிஸ்தான் ஆளுங்கதான். ஜெயிச்சதும் அல்வா கிண்டி எங்க ரூமுக்குத்தான் மொதல்ல கொண்டாந்தாங்க. நாங்க வாங்கித் தின்னோம். ஆட்டம் வெள்ளிக்கிழமையோட சரி. சனிக்கிழம காலைல பலகையோட ஒரு முனைய அவரு புடிக்கணும், ஒரு முனைய நான் புடிக்கணும். யாரு கைய விட்டாலும் ரெண்டு பேரு காலுலயும்தான் விழும்."

தேசம், பகை, மனித நேயம் என்ற பெரிய சொற்கள் எதுவும் அதில் இல்லை. வேலைத்தளத்தில் கண்டதை அப்படியே சொன்னார். முவைலாவில் பள்ளி விட்டு வரும் என் பிள்ளைகளின் நண்பர்களில் லாகூர்க் குழந்தைகள் இருக்கிறார்கள், கராச்சிக் குழந்தைகள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் சாப்பிடும்போதெல்லாம் அந்த அல்வா நினைவுக்கு வருகிறது.

அந்த ஆண்டு ஊரில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மெத்தை வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷார்ஜாவில் ஊரார் வீடுகளுக்கெல்லாம் கூரை போட்டவர், தன் வீட்டுக்குக் காங்கிரீட் ஊற்றும் நாளில் ஊரில் இல்லை. அதனால் ஏ பக்கத்தின் பெரும் பகுதி வீட்டு வேலையைப் பற்றியதுதான். சவுக்கு முட்டுகளை எத்தனை அடிக்கு ஒன்று நிறுத்த வேண்டும், அடியில் ஆப்பு எப்படி வைக்க வேண்டும், ஊற்றிய மறுநாளே மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். பிறகு குரலைச் சற்று உயர்த்தி, "பதினாலு நாளைக்கு முட்டுல கைய வைக்கக் கூடாது. மேஸ்திரி ஒரு வாரத்துல பிரிக்கலாம்பாரு. மேல பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள இன்னும் புடிச்சிருக்காது" என்கிறார்.

சிமெண்ட் இறுகுவது தண்ணீர் வற்றுவதால் அல்ல, தண்ணீரோடு அது வினைபுரிவதால். சாதாரண சிமெண்ட் காங்கிரீட், 28 நாளில் அடையும் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் முதல் வாரத்தில் எட்டும். நீண்ட தளங்களுக்கு முட்டுகளை 14 நாள் வைத்திருக்க வேண்டும் என்றுதான் இந்திய விதிநூலும் சொல்கிறது. அப்பா அந்த நூலைப் படித்தவர் இல்லை, கைப்பழக்கத்தில் அறிந்தவர். அவர் சொன்னபடியே மேஸ்திரி ஏழாம் நாள் வந்து பலகை வேறு இடத்துக்கு வேண்டும் என்றார். அம்மா வாதாடவில்லை. டூ இன் ஒன்னை வெளியே கொண்டுவந்து அந்த இடத்தை ஓடவிட்டார். மேஸ்திரி நின்று கேட்டார். "அண்ணன் சொன்னா சரிங்க" என்று போய்விட்டார். அந்தக் கூரை இன்றும் ஒழுகவில்லை.

அதே பக்கத்தில் அம்மாவுக்குச் சொன்ன ஒரு வாக்கியம், என் வாழ்க்கையில் நான் கைக்கொண்ட விதிகளில் முதலாவது. "வேலைக்கு வந்தவங்களுக்குக் கூலிய அன்னன்னைக்குக் குடுத்துடு. நாளைக்கு வாங்கிக்கன்னு சொல்லாத. அந்த வார்த்தையக் கேட்டுட்டு நின்னவன் நான்." எங்கே, யாரிடம் கேட்டுவிட்டு நின்றார் என்று கேசட்டில் இல்லை. நேரில் கேட்டபோதும் சொன்னதில்லை. தனக்கு நேர்ந்ததை அடுத்தவர்க்கு நேராமல் பார்த்துக்கொள்வதோடு அவர் கணக்கை முடித்துக்கொண்டார்.

எனக்குச் சொன்னது இன்னொன்றும் உண்டு. அதற்கு முந்தைய பி பக்கத்தில் நான் அறிவியல் பாடம் ஒன்றை மூச்சுவிடாமல் ஒப்பித்திருந்தேன் போலிருக்கிறது. "ஒப்பிச்சது நல்லா இருந்துச்சு தம்பி. அடுத்த தடவ ஒப்பிக்க வேணாம். அதுல ஒனக்கு என்னா புரிஞ்சுதோ அத எனக்குச் சொல்லு. எனக்கும் தெரிஞ்சுக்கணும்ல" என்கிறார். நான் இன்று முவைலாவில் இயற்பியல் ஆசிரியர். என் வகுப்பில் யாரும் ஒப்பிப்பதில்லை.

பி பக்கம் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பதிந்தது. அதில் முக்கால்வாசி அப்பாயிதான். அவருக்கு இந்தக் கருவியின் சூட்சுமம் கடைசிவரை பிடிபடவில்லை. மகன் எதிரில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துப் பேசுவார். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். நாடா ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் சேவல் கூவும். பெரியப்பா, "நீ பேசும்மா, அவன் அப்புறமாத்தான் கேப்பான்" என்பார். மறுபடி தொடங்கி மறுபடி ஒரு கேள்வி கேட்டுக் காத்திருப்பார். அம்மாவின் பங்கு இரண்டு மூன்று நிமிடம்தான். சிமெண்ட் மூட்டைக் கணக்கு, கம்பிக் கணக்கு, வட்டிக் கணக்கு. வீடே கூடியிருக்கும் இடத்தில் அவர் வேறென்ன பேசியிருக்க முடியும்? தன் மனத்தில் இருந்ததை அவர் தனியாகக் கடிதத்தில் எழுதினார்.

அந்தக் கேசட் ஷார்ஜா போய்ச் சேர்ந்து, அப்பா அதற்குப் பதில் பேசுவதற்கு முன் அப்பாயி இறந்துவிட்டார். தந்தி கிடைத்து, விடுப்புக் கேட்டு, பாஸ்போர்ட்டை வாங்கி, டிக்கெட் எடுத்து வருவதற்குள் ஊரில் எல்லாம் முடிந்திருக்கும். அவர் வரவில்லை. தாய்க்குக் கொள்ளி போடப் பெரியப்பா இருந்தார்.

கேசட்டின் முதுகுப்புறத்தில் இரண்டு மூலைகளிலும் சிறிய பிளாஸ்டிக் சில்லு ஒன்று இருக்கும். ஒரு பக்கத்துக்கான சில்லை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. ரெக்கார்ட் பொத்தான் அமுங்காது. அப்பா ஸ்குரூ டிரைவரால் பி பக்கத்தின் சில்லை உடைத்தார். அந்தக் கேசட்டை மறுபடி யாரிடமும் கொடுத்துவிடவில்லை. அடுத்த விடுப்பில் தன் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். பிறகு வேறு கேசட்டுகள் வாங்கினார். அவை முன்போலவே போய்வந்தன. எஸ்.டி.டி. பூத்துகள் வந்தபின் அவற்றின் மீது சினிமாப் பாட்டு ஏறிவிட்டது.

அப்பா ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தார். தான் சொல்லிக் கட்டிய வீட்டிலேயே கண்ணை மூடினார். காரியங்கள் முடிந்து பெட்டியை ஒழித்தபோது அம்மா இந்தக் கேசட்டை எடுத்து என்னிடம் தந்தார். அது மறுபடி ஷார்ஜா வந்தது. இந்த முறை திருச்சியிலிருந்து நேரே, என் கைப்பையில். விமான நிலைய எக்ஸ்ரே காந்த நாடாவைக் கெடுக்காது. காந்தமும் வெப்பமும் ஈரமும்தான் அதற்கு எதிரிகள்.

அப்பா வந்த காலத்தில் முவைலா பெரும்பாலும் மணல்வெளி. 1997-இல் இதை ஒட்டிப் பல்கலைக்கழக நகரம் எழுந்தது. பிறகு பள்ளிகளும் குடியிருப்புகளும் பெருகி, நம் குடும்பங்கள் நிறைய வாழும் இடமாகிவிட்டது. ஆனால் இந்த மணலுக்கடியில் அதற்கும் முன்பே ஓர் ஊர் இருந்தது. 1990-களில் பீட்டர் மகீ தலைமையிலான தொல்லியல் குழு இங்கே இரும்புக்கால ஊர் ஒன்றைத் தோண்டியது. தூண்கள் நிறைந்த ஒரு மண்டபமும் அதில் இருந்தது. 2,600 ஆண்டுகளுக்கும் முன்பு ஊரே தீயில் அழிந்திருக்கிறது. அங்கே கிடைத்தவற்றில், தென் அரேபிய எழுத்துப் பொறித்த சாடித் துண்டு ஒன்றும் உண்டு. ஊரில் பேசப்பட்ட அத்தனை பேச்சிலும் எஞ்சியவை அந்தச் சில எழுத்துகள்தான். அதற்கே உலக ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நம்மிடம் முழு மணி நேரங்களாகக் குரல்கள் இருக்கின்றன. அவை பரணில் கிடக்கின்றன.

கேசட்டைத் திறந்து பார்த்தபோது நாடாவை முனையோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் திண்டு உதிர்ந்திருந்தது. வேறொரு கேசட்டிலிருந்து திண்டை எடுத்து மாற்றினேன். பழைய சாமான் கடையில் வாங்கிய டெக்கின் முனையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, கணினியில் இணைத்து, இரண்டு பக்கத்தையும் பதிந்தேன். பதிவு செய்வதற்கு முன் கேசட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஏ பக்கத்தின் சில்லு உடையாமல் இருந்தது. தன் தாயின் குரல் அழியக் கூடாது என்று ஒரு பக்கத்தைப் பூட்டியவர், தன் குரலைக் காக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. எங்களில் யாராவது அதன்மேல் ஒரு பாட்டைப் பதிந்திருந்தாலும் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது. அந்தச் சில்லை நான் உடைத்தேன். பெற்றவர் பிள்ளைக்குச் செய்வதில் மிகப் பெரியது பிள்ளையின் குரலுக்கு இடம் விடுவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் கற்றுக்கொடுத்தவரின் குரலுக்கு இடம் வைப்பது பிள்ளையின் கடமை.

வளைகுடாவில் உழைத்த தகப்பன்மார்களில் பெரும்பாலோருக்கு வரலாற்று நூலில் இடமில்லை. அவர்கள் கட்டிய கட்டடங்களில் பெயர்ப்பலகை இல்லை. இந்தக் கேசட்டுகள்தான் அவர்கள் தம் வாயால் சொல்லிச் சென்ற சாட்சியம். காந்த நாடாவை ஓட்டும் தரமான கருவிகள் 2025-ஐ ஒட்டி வழக்கொழிந்துவிடும் என்று, 2019-இல் தொடங்கிய யுனெஸ்கோ திட்டம் ஒன்று உலகக் காப்பகங்களை எச்சரித்தது. அந்தக் கெடு நம் தலைக்கு வந்துவிட்டது.

ஆகவே, பரணில் கேசட் உள்ளவர்கள் இந்த வாரமே எடுங்கள். முதலில் சில்லுகள் இரண்டையும் உடைத்துவிடுங்கள். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் முழுதும் ஒரு முறை முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்திவிட்டு, சுருக்காத ‘வேவ்’ கோப்பாகப் பதிந்து மூன்று இடங்களில் வையுங்கள். பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று, தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அப்பா பேசிய பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருந்தவர்கள் பேசிய பக்கத்தையும் பதியுங்கள். அவர் அங்கே உழைத்ததும் அவர்கள் ஊரில் காத்திருந்ததும் சேர்ந்ததுதான் ஒரு குடும்பத்தின் கதை.